இடது கண்ணில் ஒரு மச்சம்

நான் பிறந்த இருபதாம் நாள் அம்மா போய்விட்டாள். அவள் உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்த புண்ணியவான் ஃபிலிமை வெளிச்சத்தில் திறந்து பாழாக்கிவிட்டாராம். எனக்கு அம்மா என்றால் திண்டுக்கல் வீட்டு ஹாலில் தொங்கிய ஓவியம்தான். கரும்பச்சைத் திரைக்கு முன்னால், கைப்பிடியில் திராட்சைக் கொத்து செதுக்கிய நாற்காலியில், சுங்குடிச் சேலையோடு உட்கார்ந்திருப்பாள். இடது கண்ணின் வெள்ளையில் எள்ளளவு பழுப்பு மச்சம்.

அந்த மச்சத்தைத் தேடி எத்தனையோ நாள் கண்ணாடி முன்னால் நின்று என் கண்ணை விரலால் விரித்துப் பார்த்திருக்கிறேன். என் மகள் பிறந்தபோது நர்ஸ் திட்டத் திட்ட அவள் இமையையும் பிரித்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவோடு எனக்கு ஒரு விளையாட்டு இருந்தது. யார் முதலில் கண்ணைச் சிமிட்டுவது என்று பார்ப்போம். தினமும் நான்தான் தோற்பேன். தோற்றுவிட்டுக் காலை உதைத்து அழுவேன். அப்பா இரண்டாவதாகக் கட்டிய சித்தி, "படத்தோட போயி மல்லுக்கட்டுறா பாரு" என்று சிரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரின் தகப்பனார் இறந்துபோக, துக்கம் விசாரிக்க நாகல் நகர் போனேன். அந்த வீட்டுச் சுவரில் என் அம்மாவின் நாற்காலி இருந்தது. அதே திராட்சைக் கொத்து, அதே பச்சைத் திரை. அதில் யாரோ ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரைக்கும் அந்த நாற்காலி எங்கள் வீட்டுச் சொத்து என்றும், அப்பா அதை யாருக்கோ விற்றுவிட்டார் என்றும் நினைத்திருந்தேன்.

அவர் யார் என்று கேட்டேன். ஆசிரியையின் தாத்தாவாம். ஆசிரியை பீரோவிலிருந்து ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். அதே மீசைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சரிந்துவிடாமல் இருக்க நெஞ்சைப் பெஞ்சோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. உயிரோடு இருந்தபோது போட்டோ எடுக்காதவர்களை, அடக்கத்துக்கு முன் இப்படி உட்காரவைத்து எடுத்துவைப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்தப் போட்டோவைப் பார்த்து ஓவியர் வரைவார். துண்டை எடுத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்காரவைத்து, மூடிய கண்களைத் திறந்துவிடுவார். என் அம்மாவும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கண் எப்படி இருக்கும் என்று அப்பா சொல்லியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நான் ஓவிய ஆசிரியை. பிள்ளைகள் வரையும் யானைக்கு முட்டிக்கால் எங்கே என்று சண்டை போடுகிறவள். என்னால் சொல்ல முடியும், அந்த ஓவியர் சாதாரணமானவர் இல்லை. துணியின் மடிப்பை, வயதான கையின் நரம்பை அப்படி வரைந்திருக்கிறார். ஒரு படத்திலும் கையெழுத்து இல்லை. செத்தவர்கள் படத்தில் யார் தன் பெயரை எழுதுவார்கள்? ஊர் அவரை மறந்தே போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதரை நாலு பேர் அறியச் செய்யாமல் விடுவதில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். ஃபேஸ்புக்கில் எழுதினேன். பங்குத் தந்தையிடம் பேசி, கல்லறைத் திருநாள் வாரத்தில் பங்கு மண்டபத்தில் கண்காட்சி வைக்க இடம் வாங்கினேன்.

படங்களை வாங்குவதுதான் பெரும்பாடு. எந்த வீட்டிலும் ஆணியை வெறுமனே விட மாட்டோம் என்றார்கள். கிறிஸ்தவ வீடுகளில் படம் இறங்கிய ஆணியில் ஜெபமாலையை மாட்டினார்கள். மற்ற வீடுகளில் மஞ்சள் துணி முடிந்தார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டிக்காரர் தன் தகப்பனார் படத்தைக் கடையிலேயே மாட்டியிருந்தார். கேரளா லாரி கிளம்பும் முன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவாராம்.

"ஏனுங்க டீச்சர், அப்பாவ உங்ககூட அனுப்பிச்சுட்டு நான் யாரைப் பாத்துங்க வண்டி ஏத்தறது?" என்றார். மூன்று முறை அலையவிட்டுத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். "மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பி மட்டும் வெச்சுப்போடாதீங்க. துணியப் போட்டும் மூடாதீங்க. அப்பா பாக்கற ஆளுங்க."

எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அதனால் என் ஹாலில், அப்பா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்து மாட்டிய அம்மா படத்துக்குக் கீழே, வாங்கிவந்த ஏழு படங்களும் என்னைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்திருந்தன. மகள் கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறாள். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நான் ஒற்றை ஆள். முதல் நாள் மதியம் சோற்றுத் தட்டோடு ஹாலில் உட்கார்ந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கேயும் முதுகில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழு பேர் பார்த்தால் ஏழு விதமாகத்தானே உறுத்த வேண்டும்? இது ஒரே ஆள் பார்க்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் பகலில், பிள்ளைகளுக்கு முகம் வரையச் சொல்லித்தரும்போது செய்கிற வேலையைச் செய்தேன். வெள்ளைத் தாளை வெட்டி, ஒவ்வொரு படத்திலும் கண்களை மட்டும் விட்டு மீதியை மறைத்தேன். மீசையும் நரையும் மூக்குத்தியும் மறைந்தன. ஏழு தாள்களிலிருந்தும் ஒரே பெண் என்னைப் பார்த்தாள். ஏழு இடது கண்ணிலும் எள்ளளவு பழுப்பு மச்சம்.

என் அம்மாவின் கண் மண்டிக்காரர் அப்பாவின் முகத்தில் இருந்தது. நாகல் நகர் மீசைக்காரருக்கும் இருந்தது. அப்புறம் மெல்லப் புரிந்தது. இது யாரோ ஒருத்தியின் கண். எனக்குக் கொடுத்ததும் அதுதான். ஐம்பத்துநாலு வருடமாக அம்மா என்று நான் பார்த்தது அம்மாவை இல்லை.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் படத்தை ஆணியிலிருந்து பிடுங்கி, எல்லா வீட்டாரும் செய்யக் கூடாது என்று சொன்னதைச் செய்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

படத்தின் முதுகில் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டடை. யாரும் திருப்பாத படத்தின் முதுகை யார் துடைத்திருக்கப்போகிறார்கள்? கோபத்திலும் எனக்குச் சுத்தம் முக்கியம். துணியால் துடைத்தேன். பலகையில் பென்சில் எழுத்து தெரிந்தது. 'கைப்பிள்ளை பார்க்க. மூன்று நாள்.'

மற்ற ஏழு படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் துடைத்தேன். 'மகன் பார்க்க. ஒரு நாள்.' 'பெண்சாதி பார்க்க. ஒரு நாள்.' எல்லாவற்றிலும் ஒரு நாள். என்னுடையதில் மட்டும் மூன்று.

நாகல் நகரில் பழைய ஃப்ரேம் கடை ஒன்று இருக்கிறது. அங்கே போய் ஓவியரைப் பற்றி விசாரித்தேன். "அவுகளா? அவுக போயி முப்பது வருசம் இருக்கும் டீச்சர். எங்கப்பாதான் சட்டம் போட்டுக் குடுப்பாரு. அவுக வீட்டம்மா இருக்காக. ஆயக்குடில தம்பி வீட்டுல இருக்காகன்னு கேள்வி" என்றார் கடைக்காரர்.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பை ஒட்டிய வீடு. தகரக் கொட்டகையின் கீழ் பெண்கள் கொய்யாவைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், திராட்சைக் கொத்து செதுக்கிய நாற்காலியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. முகம் அவளுடையது. அவ்வளவு சுருக்கத்துக்கும் நடுவில் இருந்த கண்ணை எனக்குத் தெரியும். படம் சுவரை விட்டு இறங்கி, எனக்குத் தெரியாமல் வயதாகிப்போன மாதிரி இருந்தது.

"யாரு தாயி? ஏன் அங்கனயே நிக்கிற?"

அவள் வீட்டுக்காரர் வரைந்த படங்களைத் தேடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் பேசும்போது நான் கொய்யாப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படம் கேட்டு வாரவுககிட்ட, செத்தவுக எப்படி இருந்தாகன்னு அவரு கேக்கவே மாட்டாரு. யாரு பாக்கப் போறாகன்னுதான் கேப்பாரு. அத எங்கிட்டச் சொல்லி இந்த நாக்காலில உக்கார வச்சிருவாரு. மகன் பாக்கணும்னா மகனப் பாக்குற மாதிரி நான் பாக்கணும். சிமிட்டுனா அம்புட்டுதான், வைவாரு. கண்ணுல தண்ணி ஊத்தும்."

"ஆம்பளைங்க படத்துக்கும் நீங்கதானாம்மா?"

"மூடுன கண்ணுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன."

கைப்பிள்ளை பார்க்க என்று ஒரு படம் இருக்கிறது, அதற்கு ஏன் மூன்று நாள் என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இருவது நாள் புள்ளைன்னாரு. எனக்கு ஒண்ணும் தங்கல தாயி, மூணும் போயிருச்சு. மொத நாளே அவரு போதும்னுட்டாரு. நாந்தான் எந்திரிக்கல. அந்தப் புள்ள பாக்கப் பாக்க வளருமே, ஒரு நாள் பார்வை எப்படிப் பத்தும்?" என்றவள், "அது நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கா. டீச்சரா இருக்கா" என்றேன். அது நான்தான் என்று சொல்லவில்லை.

வரைந்து முடித்த படங்களை உடனே கொண்டுபோய்விடுவார்களாம். ஒன்றாக அவற்றை அவள் பார்த்ததே இல்லை. கண்காட்சிக்குக் கூப்பிட்டேன். பார்க்க ஆசைதான், ஆனால் வர மாட்டேன் என்றாள். "நான் வந்து நின்னா அவுக அவுக ஆளு அவுகள விட்டுப் போயிரும்" என்றாள். அதே பயம்தான் எனக்கும். ஏழு வீட்டார் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நடந்தது அவர்களுக்கும் நடந்தால்? மண்டிக்காரர் என்னைச் சும்மா விடுவாரா? மூன்று நாள் தூங்காமல் யோசித்தேன். ஓவியரைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டு இவளை மறைப்பது திருட்டு என்று பட்டது. கண்காட்சியன்று காலையில் கார் பேசிக்கொண்டு ஆயக்குடி போய் அவளை வற்புறுத்திக் கூட்டிவந்தேன். வழியில் ஒவ்வொரு வீட்டாரைப் பற்றியும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் எட்டுப் படங்களும் வரிசையாக இருந்தன. கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படத்திலிருந்து மெல்ல நடந்தாள். அவளைக் கடந்துபோனவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் படத்தைப் பார்த்தார்கள். மறுபடி அவளைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்த, ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மண்டிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவளுக்கு முன்னால் நின்று கண்ணையே பார்த்தார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏனுங்கப்பா, சாப்ட்டீங்களா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"சாப்ட்டேன்யா. கேரளா வண்டியெல்லாம் ஒழுங்காப் போகுதா?" என்றாள் அவள்.

"போகுதுங்கப்பா" என்று சொன்னவர், பச்சைப்பிள்ளை மாதிரி அழுதார். பின்னால் நாகல் நகர் ஆசிரியையும் மற்றவர்களும் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, அம்மாவின் படத்துக்குக் கீழே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். "இதான மூணு நாள் படம்? அந்தப் புள்ள வரலையா?" என்றாள்.

நான் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் அந்தக் கண்ணை நேராகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மேலே படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்து, அந்த மூன்று நாளும் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இமை ஆடவில்லை. கண்ணில் நீர் கட்டி மச்சம் மங்கியது.

"போதும்மா. சிமிட்டிக்கங்க" என்றேன்.

அவள் சிமிட்டினாள். அந்த விளையாட்டில் நான் ஜெயித்தது அந்த ஒருமுறைதான்.