ஒரு காயிலுக்கு இரண்டு விடை

எங்கள் ஹீட்டர் அறுந்து அறுந்து பலமானது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அப்படித்தான் நடந்தது.

அப்போது பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து, மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். ஒரே அறை, அதில் ஒரு மூலை சமையலுக்கு. நான் ஒன்பதாவது படித்தேன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒப்பந்தக் கூலி. பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். எதிர்ச் சந்தில் நான்கு தமிழ்ப் பையன்கள் தங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். அம்மா அவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்து கொடுத்தாள். ஏழு மணிக்கு அவர்களை ஏற்றிப் போக வண்டி வந்துவிடும். அதற்குள் இட்லி இறங்கியாக வேண்டும்.

எங்களிடம் கேஸ் இல்லை. காயில் ஹீட்டர்தான். பீங்கான் தட்டு, அதில் வளைந்து வளைந்து போகும் பள்ளம், பள்ளத்துக்குள் சுருள் கம்பி. குடிவந்த அன்றே வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஹீட்டர் நக்கோ" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். அம்மா "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினாள். ஹீட்டர் அப்போது அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. தெரிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். என் பள்ளிக்கூடம் அங்கிருந்து இரண்டு தெரு. வீடு போனால் அதுவும் போகும் என்று எனக்குத் தெரியும்.

காயில் அறுந்தால் அப்பா கருகின இடத்தை வெட்டி எறிவார். மீதி இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்த்து, இழுத்துப் பள்ளத்தில் உட்கார வைப்பார். ஒவ்வொரு தடவையும் காயில் குட்டையாகும். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சிவப்பாக எரியும். அம்மா புதுசு வாங்க விடவில்லை. "இதுதாங்க நல்லா வேகுது. ஏழுக்குள்ள ரெண்டு ஈடு எடுத்துடறேன்" என்பாள்.

பள்ளிக்கூடத்தில் கரண்ட் பாடம் வந்தது. வீட்டிலுள்ள ஒரு சாமானுக்குக் கணக்குப் போட்டு வரச் சொன்னார் டீச்சர். எல்லோரும் பல்பை எடுத்தார்கள். நான் ஹீட்டரை எடுத்தேன். காயில் வந்த அட்டையில் 220 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தேன். நாலரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தேன். தடை நாற்பத்தெட்டு ஓம், கொஞ்சம் சொச்சம். அதுவரை சரி.

பிறகுதான் எங்கள் காயில், அட்டையில் போட்டிருந்த முழுக் காயில் இல்லை என்று நினைவு வந்தது. மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போயிருந்தது. அப்படியானால் தடை முப்பத்திரண்டு. வாட் கண்டுபிடிக்கப் புத்தகத்தில் இரண்டு வழி இருந்தது. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, தடையால் வகுப்பது ஒன்று. ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தடையாலும் பெருக்குவது இன்னொன்று. முதல் வழியில் ஆயிரத்து ஐந்நூறு வந்தது. இரண்டாவதில் அந்த நாலரையை வைத்துப் போட்டேன். அறுநூற்று ஐம்பது வந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும் அதே இரண்டு.

அம்மா பேச்சை வைத்துப் பார்த்தால் பெரிய விடைதான் சரி. ஆனால் வெட்டி எறிந்தால் எப்படிக் கூடும்? பெரிய விடைப்படி ஏழு ஆம்பியர் ஓட வேண்டும். சுவரிலிருந்த பிளக்கில் 5 என்று அச்சடித்திருந்தது. ஐந்து என்று போட்ட இடத்தில் ஏழு எப்படி நுழையும்?

அப்பாவிடம் கேட்டேன். கையில் பெயிண்ட் என்று நோட்டை வாங்கவில்லை. ஹீட்டரைப் பார்த்தார்.

"குட்டையாத்தானே ஆயிருக்கு. கம்மியாத்தான் இழுக்கும்."

ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர் சொல்கிறார். எனக்கு அது போதும். ஆயிரத்து ஐந்நூறை ரப்பரால் அழித்தேன்.

சனிக்கிழமை காலை ஃபியூஸ் போனது. அப்பா போட்டார். மறுபடி போனது. மூன்றாம் தடவை ஸ்டூல்மேல் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உன் கணக்குல எவ்ளோ வந்துச்சு?"

"அறுநூத்தம்பதுப்பா."

"ஆயிரத்துக்குக் கம்மிதானே?"

"கம்மிதான்."

"அப்போ ஃபியூஸ் கம்பிதான் சொத்தை" என்றார். ஒரு துண்டு ஒயரை உரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பியில் நாலு இழையை முறுக்கிப் போட்டார். அது போகவில்லை. அம்மா இட்லி ஊற்றினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை ஆறரைக்கு ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பிளக் உருகித் தொங்கியது. அதிலிருந்து ஒரு கறுப்புக் கோடு சுவரில் ஏறி, கூரையைத் தொட்டு, மாடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அம்மாவிடம் "கைக்கு?" என்று மட்டும் கேட்டார். ஏன் என்று அர்த்தம். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாதான் பேசினார். தமிழிலேயே சொன்னார். "எம்பொண்ணு கணக்குப் போட்டுப் பார்த்துச்சும்மா. கம்மியாத்தான் வந்துச்சு."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் அப்பா கையை நீட்டிய திசையில் என்னைப் பார்த்தார். பழியை என்மேல் போட்டுவிட்டார் என்று எனக்கு அப்பாமேல் கோபம். ரொம்ப நாள் இருந்தது.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் குஷாய்குடாவில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. நோட்டை டீச்சர் பார்க்கவே இல்லை.

இப்போது அதே குஷாய்குடாவில் காயில் சுற்றும் ஷெட்டில் வேலை செய்கிறேன். கம்பி குறைந்தால் கரண்ட் கூடும். அங்கே மீட்டரே காட்டிவிடும். நான் போட்ட நாலரை, புதுக் காயிலின் நாலரை. குட்டைக் காயிலில் அது ஏழாகியிருந்தது. அதை வைத்துப் போட்டிருந்தால் இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வந்திருக்கும். பிளக்கில் போட்டிருந்த ஐந்து, அதற்குமேல் தாங்காது என்பதற்காக. அதற்குமேல் வராது என்பதற்காக இல்லை.

இதெல்லாம் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே புரிந்துவிட்டது. இன்னொன்று புரியத்தான் நாளானது. ஸ்டூல்மேல் நின்று எவ்வளவு என்று அப்பா கேட்டபோது, பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டே என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அதனால் அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.