பாக்கியவதி பொறுக்கும் கோதுமை

நவராத்திரி முதல் நாள் காலையில் புனே பக்கத்தில் தேஹு ரோடு பஜாருக்குப் பின்னால் இருக்கும் மாவு மில்லுக்குப் போனால், வரிசையில் முதல் ஆளாக ஒரு கிறிஸ்தவப் பெண் நிற்பதைப் பார்க்கலாம். பெயர் பாக்கியவதி, வயது ஐம்பத்தெட்டு. விரதம் இருக்கிற வடக்கத்திப் பெண்களெல்லாம் அவளுக்குப் பின்னால்தான். மில்லை இங்கே நாங்கள் மராத்தியில் கிர்ணி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஒன்பது நாளும் கிர்ணிக்காரர் கோதுமையை வாசற்படி ஏற விடமாட்டார். முந்தின நாளே கல்லைக் கழற்றிக் கழுவி, மூலை முடுக்கில் ஒட்டியிருக்கும் பழைய மாவையெல்லாம் துடைத்துவிட்டு, விரதச் சாமான் மட்டும்தான் அரைப்பார். மற்றவர்களுக்கு அது பக்தி. பாக்கியவதிக்கு அந்தக் கழுவின கல்தான் வேண்டும்.

அவள் கொண்டுவருவதும் விரதச் சாமான்தான், குட்டூ. கறுப்பாக, மூன்று மூலையோடு, மிளகைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். இங்கிலீஷில் பக்வீட் என்கிறார்கள். பார்க்கத்தான் தானியம், உண்மையில் அது புல்வகையே இல்லாத ஒரு செடியின் விதை. கோதுமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதற்காகத்தான் அவள் அதைத் தேடிப் போனாள்.

நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி, விசாலாக்ஷி. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இதை எழுத உட்கார்ந்ததே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். சுற்றி வளைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் மகள் ஃபியோனா செத்துப்போனதில் எனக்குப் பங்கு உண்டு. அதை பாக்கியவதியிடம் ஒப்புக்கொள்ள ஆறு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை.

பாக்கியவதியும் அவள் கணவர் ஜேசுராஜும் நெல்லைச் சீமையில் நாசரேத் பக்கத்துக்காரர்கள். அவருக்கு ஆயுதக் கிடங்கில் வேலை. ஒரே பெண். மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே ஃபியோனாவுக்கு வயிறு மட்டும் உப்பலாக இருக்கும். கையும் காலும் குச்சி. தின்பதும் ஓடுவதுமாகவே இருப்பாள், ஓடுவது கக்கூசுக்கு. ஒரு நாள் பாக்கியவதி என் வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னாள்.

"டீச்சர், பிள்ள மெலிஞ்சிக்கிட்டே போகுது. தின்னதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல."

"மூணு வேளையும் சோத்தையே போட்டா எப்படித் தேறுவா?" என்றேன். "எதிர் பிளாக்குல பஞ்சாபிக் குழந்தைகளைப் பாரு, கன்னமெல்லாம் எப்படி இருக்கு! சோத்துல என்ன சத்து இருக்கு? காலையில ரெண்டு சப்பாத்தி, ராத்திரி ரெண்டு சப்பாத்தி குடு. மூணே மாசத்துல பாரு."

நான் மட்டும் சொல்கிற வைத்தியம் இல்லை இது. புனேக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் பாதிப் பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு. சோறு தின்றால் தொப்பை, சப்பாத்தி தின்றால் தெம்பு. பிழைக்க வந்த ஊரின் சாப்பாட்டில்தான் பலம் இருக்கிறது என்று எப்படியோ எங்கள் மண்டையில் ஏறிவிட்டது. யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

பாக்கியவதி என் பேச்சைக் கேட்டாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கேட்டாள். முதல் மாதம் அவள் சப்பாத்தி அப்பளமாக வந்தது. அப்புறம் கை பழகி, பஞ்சாபிக்காரிகளே மெச்சும்படி ஊதிக்கொண்டு வந்தது. ஃபியோனா சோறும் மீன் குழம்பும் கேட்டு அடம் பிடிப்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சாயங்காலமானால் பாக்கியவதியின் குரல் கேட்கும்: "இந்த ஒண்ணு மட்டும் தின்னுட்டி. டீச்சர் சொல்லிருக்காவல்லா?" பாலில் சர்க்கரை போட்டு, சப்பாத்தியைப் பிய்த்து நனைத்து ஊட்டுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குப் பெருமை தாங்காது.

பதினொரு வருஷம் அப்படி ஓடியது. எத்தனையோ டாக்டர்கள் பூச்சி மருந்தும் ரத்தத்துக்கு டானிக்கும் எழுதிக்கொடுத்தார்கள். பத்தொன்பதாவது வயதில், காலேஜ் படியில் சும்மா தடுக்கி உட்கார்ந்தவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துபோனது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேதான் ஒரு டாக்டர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, கோதுமை இந்தப் பெண்ணுக்கு விஷம் என்றார். சிலர் உடம்பு அப்படியாம். கோதுமை உள்ளே போகப் போகக் குடல் புண்ணாகிக்கொண்டே இருக்குமாம். அன்று ஜேசுராஜ் மாடிப்படியில் என்னைப் பார்த்து நின்றார்.

"சோறே சாப்பிட்டுக்கிட்டு இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். குற்றம் சொல்கிற தொனியே அதில் இல்லை. அவர் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வெறும் சோறு மட்டும் போதாது, இரும்பும் புரதமும் உள்ளதாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீழ் வீட்டில் ஒரு ராணுவ சுபேதாரின் மனைவி, இமயமலையில் கட்வால் பக்கத்துக்காரி. அவள்தான் குட்டூவைக் காட்டிக்கொடுத்தாள். முதல் தடவை பாக்கியவதி சாதாரண மாதத்தில் கிர்ணிக்குப் போய் அரைத்து வந்தாள். கல்லில் முந்தின ஆளின் கோதுமை மாவு இருந்தது. ஃபியோனா மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அதற்குப் பிறகுதான் நவராத்திரிக் கதை தெரியவந்தது. அந்த ஒன்பது நாளில் இரண்டு மாதத்துக்கு வேண்டிய மாவை அரைத்து ஃபிரிட்ஜில் அடுக்குவாள். மற்ற நாளில் அதற்கென்றே வாங்கின மிக்ஸியில் ஒவ்வொரு கைப்பிடியாக அரைத்துச் சலித்துக்கொள்வாள்.

குட்டூ மாவு கோதுமை மாவு மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது. சப்பாத்தி இட்டால் பொடிப்பொடியாக உதிரும். அவளோ நெல்லைச் சீமைக்காரி. "போடா போ" என்று கரைத்து ஊற்றித் தோசையாகவே சுட்டுவிட்டாள்.

ஃபியோனா போனில் தேட ஆரம்பித்தாள். "அம்மா, ஃபிரான்ஸ்லயும் தோசைதான் பண்றாங்க! மேல முட்டை உடைச்சு ஊத்துவாங்க. ரஷ்யால வறுத்து, சாதம் மாதிரி வேக வெக்கிறாங்க. நேபாள்ல களி. ஜப்பான்ல நூடுல்ஸ், பட் கடைல வாங்கினா கோதுமை மிக்ஸ் பண்ணிருப்பாங்க, நோ யூஸ்." அவள் தமிழ் எப்போதும் இப்படித்தான், இரண்டு வண்டி மாறி வந்து சேரும். "எல்லா கன்ட்ரிலயும் டெய்லி சாப்பிடறாங்கம்மா. இங்க மட்டும்தான் உப்வாஸ் இருக்கிறவங்களுக்கு."

"நமக்கு வருஷம் பூரா உபவாசம்னு வச்சுக்கிடுவோம்ட்டி" என்பாள் பாக்கியவதி.

சனிக்கிழமைக்கு ஒரு தேசம் என்று அந்த வீட்டில் வழக்கமானது. ஒரு தட்டு எனக்கும் வரும். ரஷ்யாவை நான் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டேன். ஃபியோனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பில் பெரும்பங்கு அந்த இரண்டு வருஷத்தில் கேட்டதுதான். அவளுக்குக் கன்னம் வந்தது. சுடிதாரைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அதைத் தையற்கடைக்கு எடுத்துப்போகும்போது பாக்கியவதி வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

அப்புறம் வயிற்றுவலி திரும்ப வந்தது. கோதுமை வாசனைகூட இல்லாத வீட்டில் எப்படி வந்தது என்று பதறினார்கள். நெடுங்காலம் புண்ணாகவே கிடந்த குடலில் புற்றுக்கட்டி வந்திருக்கிறது, அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆகும் என்றார்கள். கடைசி வாரம் எதுவும் இறங்கவில்லை. குட்டூக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி பாக்கியவதி கரண்டியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பிப்ரவரியில், இருபத்திரண்டு வயதில், ஃபியோனா போய்விட்டாள்.

அடுத்த நவராத்திரிக்கு பாக்கியவதி கிர்ணி வரிசையில் முதல் ஆளாக நின்றாள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று நான் பயந்து, "யாருக்கு இது?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் பழக்கமான இரண்டு தாய்மார்கள் இருந்தார்கள், ஒருத்தி வீடு நிக்டியில், ஒருத்தி வீடு சாங்வியில். அவர்கள் குழந்தைகளுக்கும் இதே நோய். அவர்களுக்காம். ஜேசுராஜ் ஷேர் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். ஆறு வருஷமாக இது நடக்கிறது.

அரைப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. கடையில் குட்டூ மூட்டையும் கோதுமை மூட்டையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்றிரண்டு கோதுமை கலந்துவிடும். தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். இந்த வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிந்திருந்தது. நானும் உதவிக்கு உட்கார்ந்தேன். கறுப்பு விதைகளுக்கு நடுவே ஒரு கோதுமை வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பாக்கியவதி, அன்னிக்கு சப்பாத்தி குடுன்னு நான்தானே உன்கிட்ட சொன்னேன்."

"ஆமா டீச்சர்." அவள் கை நிற்கவில்லை.

"சொல்லணும் சொல்லணும்னு இத்தனை வருஷமா..."

"எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லத்தான் செஞ்சீய" என்றாள். "அவ வேண்டாம் வேண்டாம்னு அழுதா. கையைப் பிடிச்சு வச்சிக்கிட்டு ஊட்டுனது நான்லா."

நான் உடைந்து அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. நான் ஓயும்வரை பொறுத்திருந்து, தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த ஓரத்துல ஒண்ணு கெடக்கு பாருங்க டீச்சர். எடுத்துருங்க."

எடுத்தேன். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.