மைதானத்தில் இறங்கிய மஞ்சள் விமானம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு மஞ்சள் விமானம் பறக்கத் தொடங்கியது. தேயிலைக்கு மேலிருந்தே மருந்து தெளித்துப் பார்க்கிறார்கள் என்றார்கள். பிள்ளைகளுக்கு அது திருவிழா. மலையில் கொழுந்து பறித்த பெண்களுக்குத்தான் தலையெல்லாம் மருந்துத் தூறல். அம்மா இரண்டு நாளாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். சோறு வடிக்கும்போதும் ஒரு கை கண்ணிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் பள்ளி விட்டு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தோம். கொட்டகலைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவந்தது. விமானம் வழி தெரியாமல் எங்கள் மலையையே சுற்றிச் சுற்றி வந்தது. வெகுநேரம் அப்படிச் சுற்றியபின் இஞ்சின் இருமியது. மறுபடி இருமி, நின்றேவிட்டது. சத்தம் நின்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. தம்பியை இழுத்துக்கொண்டு கோயில் பக்கம் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது விமானம் கோல் கம்பத்தை முறித்து, சேற்றில் வழுக்கி, வேலியோரம் மூக்கைக் குத்தி நின்றிருந்தது.

விமானி காயமில்லாமல் இறங்கி வந்தார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் கண்டாக்கு ஐயா, மலை வேலையை மேற்பார்வை பார்ப்பவர், ஓடிவந்து அவருக்குத் தேத்தண்ணி வரவழைத்தார்.

சற்று நேரத்தில் பெண்கள் கூடையோடு இறங்கி ஓடிவந்தார்கள். அம்மா எங்கள் இருவரையும் தடவிப் பார்த்துவிட்டு நேரே விமானியிடம் போனாள்.

“நாங்க கீழ நிக்கிறது தெரியலையாங்க?”

“நான் கேட்டுச் சொல்றேன்” என்றார் கண்டாக்கு.

“நீங்க வேணாங்கய்யா. எம் மக கேக்கட்டும். பதில் தெரியாம நாளைக்கு யாரும் மலைக்கு ஏற மாட்டோம்.”

கினிகத்தேனையில் பெரியம்மா வீட்டில் மூன்று வருஷம் படித்ததால் எனக்குச் சிங்களம் வரும். கேட்டேன். விமானி அம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஆட்களையெல்லாம் மலையிலிருந்து இறக்கிவிட்டதாகத் தோட்டத்தில் தினமும் சொன்னார்களே, இல்லாவிட்டால் தெளித்திருக்கவே மாட்டேனே என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்றும் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டாக்கு ஐயா என் தோளில் கை வைத்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்: “மருந்தால ஒன்னும் ஆகாது, தண்ணியில கழுவினாப் போதும்னுதானே பாப்பா சொல்றாரு? மேல ஏறி ஒக்காந்து பாக்குறியா?”

நான் விமானத்தைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது.

“நெசமாவாடி?” என்றாள் அம்மா.

தலையாட்டினேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கண்டாக்கு ஐயா என்னைத் தூக்கி விமானியின் ஆசனத்தில் வைத்தார். கண்ணாடிக்கு வெளியே அவர்கள் குழாயடிக்குப் போவது தெரிந்தது. விமானி மட்டும் தேத்தண்ணியைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் எல்லாரும் மலைக்கு ஏறினார்கள். மஞ்சள் விமானத்தைக் கழற்றி லொறியில் கொண்டுபோனார்கள். பள்ளியில் ஒரு வாரம் நான்தான் ராணி. அம்மாவின் கண்ணில் நீர் வடிவது நிற்கவில்லை. ஆசனம் எப்படி இருந்தது என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே என்று எனக்கு வருத்தம்.

அடுத்த மாதம் வேறொரு விமானம் வந்தது. அம்மா நின்ற மலைக்கு மேல் அது தாழ்ந்து பறந்தபோது, மைதானத்திலிருந்து துள்ளித் துள்ளிக் கை காட்டினேன்.