அக்கா கண்ணாடி தேய்த்த ஒரு மாதம்

ஈரச் சரளையை மூடிய டப்பாவுக்குள் போட்டு யாரோ உருட்டிக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம்… கரகர, கரகர என்று. பாறசாலைப் பக்கத்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுக்க அந்தச் சத்தம்தான்.

எனக்கு முதல் வேலை கிடைத்திருந்த வருடம் அது. காஞ்சிரங்குளத்தில் கட்டிக்கொடுத்த ஷீபா அக்கா, ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோய், எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண்குழந்தை. அடக்கம் முடிந்ததோடு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அக்கா எதைப் பற்றியுமே பேசவில்லை. நாலு வாய் தின்றுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அழக்கூட இல்லை.

செல்வின் அத்தானுக்கு ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர், ஒரு அட்டைப்பெட்டியையும் பெயின்ட் வாளி நிறைய உடைந்த கலர் கண்ணாடியையும் அக்கா படுத்திருந்த அறையில் இறக்கி வைத்தார். பெட்டிக்குள் சின்ன மோட்டார், ரப்பர் டிரம். கல், கண்ணாடியெல்லாம் பாலிஷ் போடும் மெஷினாம். ஆன்லைனில் வரவழைத்திருக்கிறார்.

அம்மா அவரை அடுக்களைக்குள் கூப்பிட்டாள்.

"மனசு சரியில்லாத பிள்ளைக்க கையில கண்ணாடிய கொண்டு குடுக்கியளே… நல்லாவா இருக்கு?"

"எனக்கும் பயம் உண்டு மாமி," என்றார் அத்தான். "ஆனா அவ சும்மா கிடக்கியது அதவிட பயமாக்கும்."

அன்றிலிருந்து நாங்கள் மாறி மாறி அந்த அறைப் பக்கமே நடமாடிக்கொண்டிருந்தோம்.

டிரம்மில் கண்ணாடி, தண்ணீர், சொரசொரப்பான பொடி எல்லாம் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டு அத்தான் போய்விட்டார். ஒரு வாரம் நிற்காமல் ஓட வேண்டும். பிறகு கழுவி, இன்னும் நைசான பொடி போட்டு மறுபடி ஒரு வாரம். இப்படி நாலு சுற்று.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், நான் சோறுண்ண வீட்டுக்கு வந்திருந்த நேரம், கரண்ட் போனது. சத்தம் நின்றது. அடுக்களை வாசலில் அக்கா.

"எலே, கரண்டு எப்பம் வரும்?"

வந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

முதல் வாரம் முடிந்ததும் அக்காவே டிரம்மைத் திறந்தாள். கண்ணாடிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த சாம்பல் நிறச் சேற்றை என்னிடம் தந்தாள். நான் அதை அடுக்களை சிங்க்கில் கொட்டிவிட்டேன். சிமென்ட் மாதிரி இறுகும் என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை குழாய் அடைத்து, அடுக்களை முழுக்கத் தண்ணீர்.

"என்னத்தலே கொட்டினே? எனக்க அடுக்களைய கொளமாக்கிட்டியே, பாவி!"

சிங்க்குக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றினேன். அடைந்து கிடந்தது மொத்தமும் என் முகத்தில்.

கண்ணைத் துடைத்தபோது ஒரு சிரிப்புச் சத்தம். அக்கா! சிரித்துச் சிரித்து, அப்படியே தரையில் உட்கார்ந்து… அழ ஆரம்பித்தாள். அம்மா அந்த அழுக்குத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அழு மக்கா… அழு."

அதன்பிறகு மெஷின் முழுக்க அவள் பொறுப்பு. சேற்றை வாளியில் எடுத்துப்போய் வாழைமூட்டுக்கு அப்பால் குழிதோண்டிக் கொட்டினாள். என்னை நம்பவே இல்லை.

நாலாவது சுற்று முடிந்த அன்று அத்தான் வந்தார். நீலமும் பச்சையுமாக, கூர் எதுவும் இல்லாமல் வழவழத்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அக்கா அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் நம்ம வீட்டுக்கு வாறேன்," என்றாள். "நாளைக்கில்ல. இண்ணைக்கே."

நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அக்காவுக்கு அதன்பிறகு பிள்ளை பிறக்கவில்லை. அன்றெல்லாம் டிவியில் குழந்தை சோப்பு விளம்பரம் வந்தால்கூட நாங்கள் சேனலை மாற்றிவிடுவோம்…

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மகள் பரீட்சையைப் பற்றி ஏதோ சொன்னாள். மீன்கறி பரிமாறிக்கொண்டிருந்த அக்கா வெகு சாதாரணமாகச் சொன்னாள்:

"நம்ம பிள்ள இருந்தா இப்பம் ஆறாங்கிளாஸ் ஆக்கும்."

"கணக்குல என்னய மாதிரி முட்டைதான் வாங்கியிருப்பா," என்றார் அத்தான்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.