உள் ரூம் ஸ்பீக்கர்

எனக்குக் குரல் பெருசு. ஆஸ்டின் டவுன்ல நர்சரி ஸ்கூல் ஆயாவா இருந்தவளுக்குக் குரல் சின்னதா இருந்தா புள்ளைங்க ரோட்டுக்கு ஓடிரும். அங்க சுவரோட சுவர் ஒட்டின வீடு. பக்கத்து வீட்ல கருவேப்பிலை கேக்கணும்னா நான் எழுந்து போனதே கிடையாது, உக்காந்த இடத்துலேர்ந்தே கேப்பேன். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் மகன் என்னை மல்லேஸ்வரத்துல அவன் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டு வந்தான். இங்க எல்லாரும் ஏதோ ஆஸ்பத்திரில பேசற மாதிரி பேசறாங்க. நான் வாயத் திறந்தா எதிர் ஃப்ளாட்டு கதவு திறக்குது.

மகனுக்கு கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. அந்த வருஷம் ஹோம் தியேட்டர் வாங்கினான். ஹாலைச் சுத்தி ஸ்பீக்கர், நடுவுல கருப்பா ஒரு கனத்த பொட்டி. அதுக்குப் பேரு ரிசீவராம், எல்லா ஸ்பீக்கருக்கும் அதுலேர்ந்துதான் சத்தம் போகும். ஒரு ஞாயித்துக்கிழமை அவனோட ஆபீஸ் சிநேகிதங்க வந்து இங்கிலீஷ் படம் பாத்தாங்க. நானும் ஓரமா உக்காந்தேன். சும்மா உக்கார வருமா எனக்கு? "ஏன்டா அவன் அந்தப் பொண்ணை அடிக்கிறான்? கட்டினவனா, வேற எவனாவதா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் மட்டும் சோஃபாவுல புரண்டு புரண்டு சிரிச்சான். என் மகன் சிரிக்கல. அவன் மூஞ்சி சுருங்கிப் போனதை நான் பாத்தேன்.

அடுத்த வாரமே என் ரூம்ல ரெண்டு ஸ்பீக்கர் ஏறுச்சு. "ஹால்ல போடறது உனக்கு இங்கயே கேக்கும்மா. கால்வலியோட வந்து உக்கார வேணாம்"னான். ரேடியோ போட்டுக் காமிச்சான். எஃப்எம்ல கன்னடப் பாட்டு ஜோரா வந்துச்சு. எனக்குப் புரியாதா? கால்வலியாம் கால்வலி! கிழவிய உள்ள உக்கார வெக்க ஒரு ஏற்பாடு. "ரொம்ப நல்லாருக்குப்பா"ன்னேன். எனக்கு அவ்வளவு கேவலமா இருந்துச்சு. பெத்த மகனுக்கே இடைஞ்சலாப் போயிட்டேனேன்னு.

அதுக்கப்புறம் சிநேகிதங்க வந்த அன்னைக்கு ஹால்ல சுவரே அதிருது, என் ரூம் ஸ்பீக்கர்ல மூச்சு இல்ல. சரி, இதையும் அடைச்சுட்டான்னு நெனச்சேன். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? ராத்திரி சோறு போடறப்ப "கேட்டுச்சாம்மா?"ன்னான். "சூப்பரா கேட்டுச்சு"ன்னேன். அப்புறம் எப்பக் கேட்டாலும் இதே பதில்தான். அவன் சிடி போட்ட எந்த நாள்லயும் அந்த ஸ்பீக்கர் வாயத் திறக்கல. நானும் திறக்கல.

வீட்டுக்காரர் நினைவு நாள் வந்துச்சு. படையல் போட்டோம். அவருக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு வெச்சு, இலை போட்டு, கும்பிட்டு, காக்காய்க்கு வெச்சு, சாப்பிட்டு முடிச்சதும் மகன் வந்தான். "அம்மா, நீ போய்ப் படு. கதவைச் சாத்திக்க. உனக்கு மட்டும் ஒண்ணு போடறேன், கேளு."

எனக்கு வந்ததே கோவம்! இன்னைக்குமா? பெத்த அப்பனுக்குப் படையல் போட்ட அன்னைக்குக் கூட நான் உள்ளயா கிடக்கணும்? பேசாம போய்ப் படுத்தேன். ஸ்பீக்கர்ல வழக்கம் போல ஒண்ணும் இல்ல. ஹால்லயும் சத்தம் இல்ல. அப்படியே தூங்கிட்டேன். எழுந்து வந்தா வாசப்படியிலயே நிக்கிறான், கண்ணெல்லாம் ஒரு மாதிரி.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் கேட்டேன்! நல்லாத்தான் இருந்துச்சு. வேற வேலை இல்லியா உனக்கு?"

திரும்பிப் போயிட்டான். அதுலேர்ந்து என்கிட்ட அளந்து அளந்துதான் பேசினான். காப்பி குடிச்சியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். நானும் வீம்பா இருந்தேன். உனக்கே இவ்வளவு இருந்தா உன்னைப் பெத்தவ எனக்கு எவ்வளவு இருக்கும்!

ஒரு நாள் காலைல கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கறப்ப மருமக பக்கத்துல வந்து உக்காந்தா. நல்ல பொண்ணு, எதையும் சுத்தி வளைச்சுப் பேச மாட்டா.

"அத்தை, மாமா குரலைக் கேட்டு உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா? நீங்க அப்படிச் சொன்னதுக்கு அவர் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதார் தெரியுமா?"

"எந்தக் குரல்டி?"

"பழைய கேசட்டு ஒண்ணு பரண்ல கிடைச்சுதே. மாமா பேசினது. அதைக் கடைல குடுத்து சிடியாப் போட்டு வாங்கிட்டு வந்தார். நீங்கதான் முதல்ல கேக்கணும்னு அவர்கூட முழுசாக் கேக்கல. நீங்க தனியாக் கேக்கணும், வாய்விட்டு அழணும்னா அழட்டும்னு ஹால்ல சத்தத்தை நிறுத்திட்டு உங்க ரூமுக்கு மட்டும் போட்டார்."

அந்த மனுஷன் குரலுக்கா நான் "வேற வேலை இல்லியா"ன்னேன்? பாவி, என்ன வார்த்தை சொல்லிட்டேன்! கீரையை அப்படியே போட்டுட்டு ஹாலுக்குப் போனேன். மகன் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தான்.

"டேய், அந்த ஸ்பீக்கர் ஒரு நாளும் பாடினதில்லடா. நான் சொன்னதெல்லாம் பொய்."

அவன் நம்பல. ஏதோ ஒரு பாட்டு சிடியைப் போட்டுட்டு என் ரூமுக்கு ஓடினான், ஸ்பீக்கர்ல காதை வெச்சுப் பாத்தான். திரும்ப ஓடி வந்து ரிசீவரைத் திருப்பினான், கூட வந்த புக்கை எடுத்துப் புரட்டினான். அப்புறம் நெத்தில அடிச்சுக்கிட்டான். சிடி போடற பொட்டிலேர்ந்து ரிசீவருக்கு அவன் போட்டிருந்தது நுனியில சிவப்பா வெளிச்சம் தெரியற புது மாதிரி டிஜிட்டல் ஒயர். அதுல வர்றது ஹாலுக்கு மட்டும்தானாம், ரெண்டாவது ரூமுக்குப் போகாதாம். அதுக்குப் பழைய சிவப்பு வெள்ளை ஒயரையும் சேத்துச் சொருகணுமாம். ரேடியோ பொட்டிக்குள்ளயே இருக்கறதால அன்னைக்கு வந்துருச்சு. இவனும் அதை நம்பிட்டான்.

பரண்லேர்ந்து ஒயரை எடுத்துட்டு வந்து பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சான். அப்ப மனசுல இருந்ததைக் கேட்டே போட்டேன். "நான் சத்தமாப் பேசறேன்னுதானே என்னை உள்ள அனுப்பினே?"

ஒயரைச் சொருகிக்கிட்டே, "அதுவும்தாம்மா"ன்னான். காதெல்லாம் செவந்து போச்சு.

எழுந்து வந்து என் கையைப் பிடிச்சு சோஃபாவுல உக்கார வெச்சான். மருமகளும் வந்தா. அவர் பேசின சிடியைத் தட்டி விட்டான்.

முதல்ல கரகரன்னு சத்தம். அப்புறம் அவர். ஐயோ, அதே தொண்டை! புதுசா டேப் ரிக்கார்டர் வாங்கின அன்னைக்கு, முன் ரூம்ல சின்னப் புள்ளையா இருந்த இவனை மடில வெச்சுக்கிட்டு பேசிப் பதிவு பண்ணினது. "ஹலோ, ஹலோ. உள்ள இருக்கற மகாராணிக்குப் பாட்டு கேக்குதா?"

அடுப்பங்கரைலேர்ந்து என் குரல், காது கிழியற மாதிரி. "கேக்குது கேக்குது! நல்லாத்தான் இருக்கு! வேற வேலை இல்லியா உங்களுக்கு?"

மகன் என்னைத் திரும்பிப் பாத்தான்.

அவர் சிரிக்கிறாரு. சிரிச்சுக்கிட்டே மடில இருந்தவன்கிட்ட சொல்றாரு: "பொய் சொல்றாடா உங்கம்மா. நான் இன்னும் பாட்டே போடல."

எழுந்து உள்ள ஓடலாம்னு பாத்தேன். உள்ளயும் அவர்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு.