ஓஸ் வெடித்த பிறகு அடித்த மணி

திருச்செங்கோட்டுச் சாலையில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும், அதாவது போர் போடும் ரிக் லாரிகளில் பொருத்துகிற பெட்டிதான் எங்கள் சரக்கு. கம்ப்ரசரின் காற்றழுத்தத்தையும் என்ஜின் சூட்டையும் அது அளக்கும். அளவு மீறினால் மணி அடிக்கும். பெட்டிக்குள் ஒரு சிறிய கணினி இருக்கிறது. அதை இயக்கும் மென்பொருளின் அடித்தளத்துக்குக் கெர்னல் என்று பெயர். அழுத்தத்தின் அளவு முதலில் அதன் கைக்குத்தான் வரும்.

அந்தக் கெர்னலில் எங்கள் பகுதியை எழுதியவர் என் மேலாளர். எழுதும்போது எங்கே பிழை என்று கண்டுபிடிக்க, நடுநடுவே செய்தி அச்சிடும் வரிகளைப் போட்டுக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இவர் எடுக்கவில்லை. ஒரு முறை அழுத்தத்தைப் பார்ப்பதற்குப் பதினோரு செய்திகள். ‘உள்ளே வந்தேன்’, ‘இங்கே ஒன்று’, ‘இங்கே இரண்டு’, அடுத்து நேராக ‘இங்கே நான்கு’, கடைசியில் ‘எல்லாம் சரி’. எது சரி, யாருக்குச் சரி என்பது அவருக்கே தெரியாது. ஒரு செய்தியில் வெறும் நட்சத்திரக் குறிகள் மட்டும் இருந்தன. மேலாளர் பதவிக்கு வந்த பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது மட்டும்தான் நாங்கள் செய்த புண்ணியம்.

என்னையும் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில், என் சித்தப்பா அலுவலகம் பார்க்க வந்தபோது, திரையில் அந்த வரிகள் மடமடவென்று ஓடுவதைப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். பெரிய வேலை நடப்பதாக அவர் நம்பினார். நானும் நம்பினேன் என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் காலையில் நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து அழைப்பு. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போட்டிருந்த காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது கம்ப்ரசரிலிருந்து காற்றுப் போகும் ஓஸ் குழாய் வெடித்து, ரிக் ஓட்டுபவரின் வலது கையில் அடித்துவிட்டது. மடிக்கணினியோடு என்னை அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டுப் போட்ட கையோடு மருத்துவமனையிலிருந்து திரும்பி, லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும்.

“மணி அடிக்கலீங்களா?” என்று கேட்டேன்.

“அடிச்சுதுங்க. ஓஸ் வெடிச்சு நான் கீழ உழுந்தப்புறம் அடிச்சுது” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

பெட்டியைத் திறந்து சோதித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. அந்தச் செய்திகள் எல்லாம் ஒரு பழைய, மெதுவான கம்பி வழியாக எழுத்து எழுத்தாக வெளியே போகின்றன. ஒரு செய்தி போய் முடியும்வரை கெர்னல் அடுத்த வேலையைத் தொடாது. அழுத்தம் வேகமாக ஏறும்போது அளவுகளும் அடுக்கடுக்காக வரும். ஒவ்வொன்றுக்கும் பதினோரு வரி. ‘எல்லாம் சரி’ என்று பெட்டி அச்சடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஓஸ் வெடித்திருக்கிறது. மணி அடிக்கும் கட்டளை வரிசையில் பின்னால் நின்றிருந்தது.

மறுநாள் கூட்டம். முதலாளியும் வந்திருந்தார். முன்பு சொந்தமாக ரிக் ஓட்டியவர். கணினி தெரியாது, கம்ப்ரசர் தெரியும். செய்திகளை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

மேலாளர் சிரித்தார். “கெர்னல்ல எல்லாம் சும்மா கை வெக்கக் கூடாதுங்க. அதெல்லாம் ஒரு அவசரத்துக்கு வேணும்னு போட்டது.”

“அவசரம் நேத்தே வந்துருச்சுங்க” என்றேன்.

“எது தேவையில்லைன்னு எப்படிச் சொல்றீங்க?”

நான் விளக்கம் சொல்லவில்லை. ஒரு முறை அழுத்தம் பார்ப்பதற்கு அச்சாகும் பதினோரு வரிகளையும் எழுந்து நின்று நிதானமாக உரக்கப் படித்தேன். நட்சத்திர வரி வந்தபோது, “நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்” என்று அதையும் விடாமல் படித்தேன். மேலாளர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

முதலாளி கேட்டார்: “இத்தனையும் சொல்லி முடிச்சுட்டுத்தான் மணி அடிக்குதுங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப இது எதுக்குங்க?” என்று மேலாளரைப் பார்த்தார். மேலாளர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். அவரிடம் செய்தி தீர்ந்துபோன ஒரே தருணம் அது.

மூன்று நாள் உட்கார்ந்து நீக்கினேன். அழுத்தம் அளக்கும் உணரி கழன்றால், அளவு வராமல் போனால் சொல்லும் செய்திகள் உண்மையிலேயே வேண்டும், அவற்றைத் தொடவில்லை. மற்றவை போயின. பெட்டியை மேசையில் வைத்து அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தேன். அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொட்டதும் மணி அடித்தது.

நிரலில் செய்யும் எந்த மாற்றத்துக்கும் காரணம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இந்தச் செய்திகளால் எச்சரிக்கை தாமதமாகி ஒருவருக்குக் கையில் அடிபட்டது என்று எழுதினேன். மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அந்த ஒரு வரிய எடுத்துருங்க. தேவையில்லாத விவரம்” என்றார். தன் வரிகளில் ஒன்றையும் விட்டுக்கொடுக்காத மனிதருக்கு என் வரி ஒன்று உறுத்தியது. எடுக்க மாட்டேன் என்றேன். பதிவில் அது இன்றும் இருக்கிறது. அடுத்த வாரம் வாடிக்கையாளர்களுக்குப் போன கடிதத்தில் ‘எங்கள் மேலாளரின் தலைமையில் வேகம் கூட்டப்பட்ட புதிய பதிப்பு’ என்று இருந்தது. அதையும் படித்தேன்.

புதிய மென்பொருளை ஏற்ற அதே ரிக்குக்குப் போனபோது ஓட்டுபவர் இடத்தில் வேறொருவர் நின்றிருந்தார். அடிபட்டவருக்கு இரண்டு விரல் மடங்காது. இப்போது இளம்பிள்ளையில் ஒரு தறிப் பட்டறைக்குக் காவல் வேலை பார்க்கிறார் என்றார்கள். திரும்பும் வழியில் போய்ப் பார்த்தேன். தவறு எங்களுடையது என்று சொன்னேன். நிறுவனத்திலிருந்து அதைச் சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

அவர் இடது கையால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு, “மத்த வண்டிக்கெல்லாம் மாத்திட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இன்னும் ஆறு வண்டி பாக்கி இருந்தது. சொன்னேன்.

“அப்ப இங்க ஏனுங்க உக்காந்திருக்கறீங்க?” என்றார். எழுந்து வண்டியை எடுத்தேன்.