கையை விடுங்க, அண்ணே

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கேரம் பலகை வந்துவிட்டால், என் வீட்டுக்காரருக்குப் பசி, தாகம், பெண்டாட்டி எல்லாம் மறந்துபோகும். எதிரே உட்காருபவர் பக்கத்து வீட்டு அண்ணன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தனிக்கட்டை. காய்க்கு ஒரு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

அன்று தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். பைகளைக் கீழே வைப்பதற்குள் இவர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். கை, கால் வெட்டி வெட்டி இழுத்தன. தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம்.

வலிப்பு என்றார் அண்ணன். தன் வீட்டுச் சாவிக்கொத்தை இவர் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடி, இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும், அடங்கும்வரை விடக்கூடாது என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

நல்லவேளை, மின்தூக்கிக்குக் காத்திருந்த ஒரு சீன அம்மா ஆம்புலன்சுக்கு அழைத்துவிட்டார். மறுமுனையில் பேசிய ஆம்புலன்ஸ் நிலையத்துக்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டதும், அந்தக் குறட்டைச் சத்தம் மூச்சே இல்லை, இதயம் நின்றிருக்கிறது, மார்பின் நடுவில் பலமாக அழுத்துங்கள் என்றார். நான் மண்டியிட்டு அழுத்தினேன். அந்த அம்மா மின்தூக்கிப் பக்கச் சுவரிலிருந்து, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற ஏஇடி பெட்டியைத் தூக்கிவந்தார். தினமும் கடந்துபோகிற பெட்டி. தீயணைக்கிற சாமான் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சட்டையை வெட்டி, படத்தில் காட்டிய இடங்களில் இரண்டு பட்டைகளை ஒட்டினார். யாரும் நோயாளியைத் தொடாதீர்கள் என்று பெட்டி ஆங்கிலத்தில் பேசியது. நான் கையை எடுத்தேன். அண்ணன் எடுக்கவில்லை. விட்டால் போய்விடுவான் என்று அழுதார். மறுபடியும் அதையே சொன்னது பெட்டி. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவரை நான் அதட்டியதே கிடையாது.

"கையை விடுங்க அண்ணே! நீங்க விட்டாத்தான் இவரு பொழைப்பாரு!"

விட்டார். அந்த அம்மா பொத்தானை அழுத்த, இவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பெட்டி சொன்னபடி மறுபடியும் அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது இவர் லேசாக முனகினார். அந்த முனகலைப் போல இனிமையான சத்தத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

மருத்துவமனையில் இவருடைய மோதிரத்தோடு ஒரு சாவிக்கொத்தையும் பையில் போட்டுத் தந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் வீடு திரும்பினால், கேரம் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் அண்ணன். பூட்டு உடைக்கிற ஆளைக்கூடக் கூப்பிடவில்லை. இவர் கண் திறந்துவிட்டார் என்றேன். ரத்தம் போகாமல் மூளை தவித்தாலும் வலிப்பு போலவே இழுக்குமாம், மருத்துவர் சொன்னார் என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அவருக்கு அது, தான் பிடித்ததே தப்பு என்று குத்திக்காட்டுவது மாதிரி பட்டுவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு தலை குனிந்தபடி போனார். அதன்பிறகு எங்கள் வாசல் பக்கமே காணோம். பாவம், கூடப்பிறந்தவன் மாதிரி பிடித்துக்கொண்ட மனுஷன். என்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. நடந்ததையெல்லாம் மருத்துவமனையிலேயே இவரிடம் சொல்லிவிட்டேன்.

இவர் வீட்டுக்கு வந்த அன்று, மின்தூக்கி திறந்ததும் அண்ணன் எதிரே நின்றார். இவருக்கு நடை இன்னும் தள்ளாடியது. தாங்கிக்கொள்ள நீண்ட அவர் கை பாதியிலேயே நின்று, பின்னால் போனது.

இவர் தன் கையை நீட்டினார்.

"இப்ப புடிக்கலாம் லா, அண்ணே."